பழைய சாமான் கடையில் சரித்திரம்

வெளியூரிலிருந்து ஒரு நகரத்தைப் பார்க்கச் சென்று திரும்புகிறவர்களிடம், "என்னென்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், கோயில், கடற்கரை, கலங்கரை விளக்கம், நூதனசாலை என்று வரிசையாகச் சொல்வார்கள். என் மாணவர்கள் உல்லாசப் பயணம் போய்வந்து எழுதிய கட்டுரைகளிலும் இந்த வரிசைதான் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அக்கட்டுரைகளைத் திருத்தியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்லுகிறேன். "அந்த ஊரில் பழைய சாமான் விற்கும் கடைகளைப் பார்த்தேன்" என்று ஒருவனாவது எழுதியதாக நினைவில்லை. எழுதியிருந்தால் ஐந்து மதிப்பெண் கூடுதலாகவே போட்டிருப்பேன்.

மாணவ நண்பர்களே, நூதனசாலையில் இருப்பவை பெரியோர் தேர்ந்தெடுத்து வைத்த பொருள்கள். அரசன் வாளும், ஐம்பொன் சிலையும், செப்பேடும் அங்கே இருக்கும். ஒரு குமாஸ்தா வீட்டில் எந்தப் புத்தகம் படித்தார்கள், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், எந்த விளக்கை ஏற்றினார்கள், பிறகு எவற்றையெல்லாம் வேண்டாமென்று கழித்தார்கள் என்று அறிய வேண்டுமானால் பழைய சாமான் கடைக்குத்தான் போக வேண்டும். சென்னை மாநகரில் அத்தகைய கடைகளெல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைந்திருந்த இடம் மூர் மார்க்கெட். உங்களுள் பலருக்கு அது புறநகர் ரயில் நிலையத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு பெயராக மட்டுமே தெரிந்திருக்கும். உங்கள் பாட்டனாரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.

அந்த இடம் தோன்றிய வரலாறு இது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற ஆங்கில வழக்கறிஞர், கோட்டைக்கு வடக்கே இருந்த பட்டணத்தின் நடுவில் ஒரு பள்ளத்தை மேடாக்கி வீதி அமைத்தார். அதுவே பிராட்வே. அங்கே அவர் பெயரால் ஒரு சந்தையும் ஏற்பட்டது. நூறு ஆண்டுகளில் அந்தச் சந்தையில் நெரிசலும் அசுத்தமும் பெருகிவிட்டன. அங்கிருந்த வியாபாரிகளுக்கு வேறிடம் தர வேண்டுமென்று மாநகராட்சி தீர்மானித்தது. அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டினார். 1900-இல் கட்டடம் திறக்கப்பெற்றது. தெருவில் கூடை வைத்து விற்றவனுக்கு, கூரையும் தூணும் வளைவும் கொண்ட கட்டடத்தில் இடம் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். சிவப்புச் செங்கல்லால், இந்திய-முகமதிய பாணியில், நான்கு புறமும் கடைகளும் நடுவே திறந்த முற்றமுமாக அது எழுந்தது.

காலப்போக்கில் அங்கே கூடிய சரக்குகளுக்குக் கணக்கில்லை. நாற்காலி, மேஜை, சுவர்க் கடிகாரம், கிராமபோன், இசைத்தட்டு, நாணயம், தபால்தலை, கிளி, முயல், கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீன், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய புத்தகம். தாய் தந்தையரைத் தவிர மற்றெல்லாம் மூர் மார்க்கெட்டில் கிடைக்கும் என்று சென்னைவாசிகள் சொல்வார்கள்.

நான் அதை முதன்முதலாகப் பார்த்தது 1980-இல். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலம். சனிக்கிழமை பிற்பகல் மின்சார ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்குவேன். சாலையைக் கடந்தால் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை, அதற்கடுத்து விக்டோரியா மண்டபம், அப்புறம் சிவப்பாக மூர் மார்க்கெட். அருகிலேயே மிருகக்காட்சிசாலை, எட்வர்டு பால்பர் என்ற அறிஞர் 1855-இல் நூதனசாலைத் தோட்டத்தில் தொடங்கியது, பிறகு இந்தப் பூங்காவுக்கு வந்தது. குழந்தைகளைத் தாயாருடன் குரங்குக் கூண்டுக்கு அனுப்பிவிட்டு, தகப்பனார் புத்தகக் கடைப் பக்கம் நழுவிவிடுவார். மாலையில் குடும்பம் மறுபடியும் ஒன்று சேரும்போது அவர் கக்கத்தில் ஒரு பொட்டலம் இருக்கும். அம்மையார் முகத்தில் ஒரு கேள்வியும் இருக்கும்.

அங்கே வழங்கிய சில சம்பிரதாயங்களைப் புதிதாக வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். கட்டடத்துக்கு வெளியே சாமான் பரப்பியிருந்தவர்களிடம் விலை கேட்பது ஆபத்து. கேட்டபின் நகர முயன்றால், "கேட்டீங்கல்ல, நீங்க ஒரு விலை சொல்லுங்க" என்று வழி மறிப்பார்கள். நாம் தப்பித்துக்கொள்ள வேண்டுமென்று அடிமாட்டு விலையாக ஒன்றைச் சொன்னால், அந்த விலைக்கே கொடுத்துவிடுவார்கள்! எங்கள் விடுதியில் ஒரு நண்பர் இவ்வாறு வாங்கிய பைனாகுலரில் ஒரு கண்ணுக்கு மட்டுமே கண்ணாடி இருந்தது. உள்ளே இருந்த புத்தகக் கடைக்காரர்கள் வேறு வகை. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத ஒருவர், அட்டையின் நிறத்தையும் தடிமனையும் பார்த்தே, இது மருத்துவக் கல்லூரிப் புத்தகம், இது சட்டம், இது பி.ஏ. வகுப்புக்குப் பாடமாக இருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவார். எந்தப் பரீட்சை எந்த மாதம் என்பது பல்கலைக்கழகத்தாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இத்தகைய கடைகளில் சும்மா சுற்றுவதில் ஒரு படிப்பு இருக்கிறது. அதைச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏடு கிழிந்து போயிருக்கிறது. அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை எங்கேனும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அணாவில் இருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முற்பட்டது. ஏனெனில் அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் நடைமுறைக்கு வந்தது. 'நயா பைசா' என்று இருந்தால் உங்கள் வேலை மிகவும் எளிது. 1964-இல் 'நயா' என்ற அடைமொழியை நீக்கிவிட்டார்கள். ஆகவே அந்தப் புத்தகம் அந்த ஏழாண்டு இடைவெளிக்குள் அச்சானது என்று துணிந்து சொல்லலாம். எழுத்துகளைப் பாருங்கள். 'லை', 'னை' முதலியவை யானைத் துதிக்கை போல் மேலே வளைந்திருந்தால், 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்திய அச்சாக இருக்கலாம். ஆனால் இங்கே எச்சரிக்கை வேண்டும். பெரியார் தம் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்துகளை 1935-இலேயே வழங்கத் தொடங்கினார். பழைய அச்சு வார்ப்புகளை விட மனமில்லாத அச்சகத்தார் 1978-க்குப் பின்னும் அவற்றைக் கொண்டே ஓட்டியதுண்டு. ஒரே ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

முதல் ஏடு இருந்தாலும் சங்கடம் தீர்ந்துவிடுவதில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்தியவர்கள் ஆங்கீரச வருஷம், சித்திரபானு வருஷம் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ஆங்கீரசம் என்றால் 1872-ஆ, 1932-ஆ? இங்கே நமக்குக் கைகொடுப்பவை வேறு தடயங்கள். 1835-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே நம்மவர் தாராளமாக அச்சுக்கூடம் நடத்த முடிந்தது. 1867-இல் வந்த சட்டம், அச்சிட்டவர் பெயரையும் அச்சான இடத்தையும் ஒவ்வொரு புத்தகத்திலும் குறிக்க வேண்டுமென்று கட்டாயமாக்கிற்று. பக்க எண் தமிழ் இலக்கத்தில் இருக்கிறதா, சொற்களைப் பிரிக்காமல் ஓலைச்சுவடியில் எழுதுவதுபோல் ஒரே தொடராக அச்சிட்டிருக்கிறார்களா என்றெல்லாம் பார்த்துக்கொண்டே போனால், குற்றவாளியைத் தேடும் துப்பறிபவரின் மகிழ்ச்சி நமக்கும் உண்டாகும்.

இசைத்தட்டுகளிலும் இப்படியே. அந்தக் காலத்துத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை; கை நழுவினால் அப்பளமாக நொறுங்கிவிடும். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷங்களே கொள்ளும். கச்சேரியில் ஒரு மணி நேரம் விரிக்கும் ராகத்தை, வித்துவான்கள் அந்த மூன்று நிமிஷத்துக்குள் பிழிந்து கொடுத்தார்கள். மிகப் பழைய தட்டுகள் சிலவற்றில், பாட்டு முடிந்தவுடன் பாடியவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வதைக் கேட்கலாம். கல்கத்தாவில் 1908-இல் தொழிற்சாலை ஏற்படும்வரையில், இங்கே பதிவு செய்தவை கடல் கடந்து ஜெர்மனிக்குப் போய்த் தட்டுகளாகித் திரும்பி வந்தன. அங்கே இருந்த தொழிலாளிக்கு நம் மொழிகளில் எதுவும் தெரியாது. தட்டில் யார் பாட்டு என்று குழப்பம் வராதிருக்கப் பாடகர் பெயர் சொல்லும் வழக்கம் உதவியது. நாணயத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: விக்டோரியா முகம் பொறித்த ரூபாயில் 'ராணி' என்றிருந்தால் 1877-க்கு முந்தியது, 'சக்கரவர்த்தினி' என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. மூர் மார்க்கெட்டில் இரண்டுக்கும் போலிகள் கிடைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இனி, நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். 1981-ஆம் ஆண்டு தொடக்கம். பயிற்சி முடிய இரண்டு மாதம் இருந்தது. ஒரு கடையில் பாடப் புத்தகக் குவியலுக்கு அடியில் நூலால் தைத்த கனத்த நோட்டு ஒன்று இருந்தது. பிரித்தேன். அது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் கணக்கு. இடப்புறம் பிள்ளைகளின் பெயர். வலப்புறம் மாதந்தோறும் யார் என்ன கொடுத்தார்கள் என்ற விவரம். சிலர் காலணா, அரையணா, பலர் நெல், ஒருவர் பூசணிக்காய். மேலே 'ஜய வருஷம்' என்று எழுதியிருந்தது. ஜய வருஷம் 1894-இல் வந்தது, 1954-இலும் வந்தது. முழுக்கத் தமிழ் இலக்கம், நெல்லாகக் கட்டணம், மையின் பழுப்பு ஆகியவற்றைப் பார்த்து 1894 என்றே தீர்மானித்தேன். அந்தப் பட்டியலில் இரண்டு பெண் குழந்தைகளின் பெயர்கள் இருந்தன. ஒரு பெயருக்கு நேரே தை மாதம் முதல் எதுவும் வரவு இல்லை. வரியின் குறுக்கே 'கலியாணம்' என்று ஒரே சொல் எழுதியிருந்தது.

கடைக்காரர் பதினைந்து ரூபாய் சொன்னார். விடுதிக் கட்டணம் போக எனக்கு மாதம் மிஞ்சுவது இருபது ரூபாய். ஐந்துக்குக் கேட்டேன். "வாத்தியாருக்குப் படிக்கிறீங்க, வாத்தியார் நோட்டுக்கு இதுகூடக் கொடுக்க மாட்டீங்களா?" என்றார் அவர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வைத்துவிட்டு நடந்தேன். அடுத்த வாரம் வந்தால் எட்டுக்குக் கொடுப்பார் என்பது என் கணக்கு. அடுத்த வாரம் மாதிரி வகுப்பு. அதற்கடுத்த வாரம் பரீட்சை. பிறகு தஞ்சை ஜில்லாவில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். முதல் சம்பளத்தில் பதினைந்து ரூபாயைத் தனியாக எடுத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்தேன். அதே கடை, அதே மனிதர். நோட்டு இல்லை. யார் வாங்கினார்கள் என்று அவருக்கு நினைவில்லை. "உள்ளே எங்காவது கிடக்கும், அடுத்த தடவை வாங்க, தேடி வைக்கிறேன்" என்றார். மூன்று முறை சென்று கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

1985 மே மாத இறுதியில் மூர் மார்க்கெட் எரிந்தது. மத்திய ரயில் நிலையத்தை விரிவுபடுத்த அந்த நிலம் வேண்டியிருந்தது. வியாபாரிகள் வெளியேறத் தயங்கினார்கள். இந்த நிலையில்தான் தீ மூண்டது. ஆகவே அதைப் பற்றி ஊரில் பலவிதமான பேச்சுகள் எழுந்தன. வதந்தியைச் சரித்திரமாக எழுதக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தப் பேச்சுகளை இங்கே எடுத்துச் சொல்லப் போவதில்லை. செய்தித்தாளில் சுவர்களும் புகையும் நிறைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு அன்று பள்ளிக்கூட வராந்தாவில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. அதே ஆண்டில் மிருகக்காட்சிசாலையும் வண்டலூருக்குப் போயிற்று. கடைக்காரர்களுக்கு அருகே அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். எரிந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. பிற்பாடு அந்த வளாகத்தில் பழைய கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்றையும் அமைத்தார்கள்.

தீயில் என்ன போயிற்று என்பதற்குப் பட்டியல் இல்லை. பழைய சாமான் கடையில் ஏது பட்டியல்? நூலகம் எரிந்தால் எவை போயின என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்லலாம். இங்கே எவை இருந்தன என்பதே தெரியாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த காலத்தில், கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகக் கேள்வியுற்று மனம் கலங்கியதைத் தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். வீட்டுப் பரணுக்கும் அடுப்புக்கும் இடையே நின்று, இரண்டு ரூபாய் லாபத்துக்காகவேனும் ஒரு பழந்தாளைச் சிறிது காலம் காப்பாற்றி வைப்பவர் பழைய புத்தக வியாபாரி. அவரிடமிருந்து அதை வாங்கிச் செல்ல ஒருவர் சரியான நேரத்தில் வர வேண்டும். என்னைப் போல் ரோஷப்படாத ஒருவர்.

அப்படி வந்தவர் ஒருவரை நான் அறிவேன். நேரில் பழகியதில்லை, அவர் பணியால் அறிவேன். காரைக்குடிக்கு அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா அவர்கள் சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தார்கள். தொழில் நிமித்தமாகச் சுற்றிய இடங்களில் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பிறகு தொழிலைக் காட்டிலும் புத்தகமே பெரிதாயிற்று. அவர் புத்தகங்களோடு நின்றுவிடவில்லை. நாடக நோட்டீசு, கலியாண அழைப்பிதழ், பத்திரிகைத் துண்டு என்று மற்றவர்கள் குப்பை எனத் தள்ளியவற்றையும் கோட்டையூர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது அத்தொகுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கிற்று. வாங்கியும் கடல் கடந்து கொண்டுபோகாமல் இங்கேயே வைத்தது. 1994-இல் அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. பதவி ஓய்வு பெற்றபின் நான் அங்கே சென்று, நாடக நோட்டீசுகள் சிலவற்றை எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்தேன். எவனோ ஒருவன் சுவரில் ஒட்டுவதற்காக மலிவு வண்ணத்தாளில் அச்சிட்டது, ராஜபார்ட் நடிகரின் பெயரோடும் தரை டிக்கட்டின் விலையோடும் என் முன்னால் இருந்தது. அதை ஆதாரமாகக் காட்டி ஒருவர் நாடக வரலாறு எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள்.

நான் கண்ட நோட்டைக் கொண்டு அப்படி எதுவும் எழுத முடியாது. 1894-இல் நம் நாட்டில் ஒரு திண்ணைப் பள்ளியில் இரண்டு பெண்கள் ஆண்பிள்ளைகளோடு படித்தார்கள் என்று நான் சொன்னால், "ஆதாரம் எங்கே?" என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். எந்த ஊர் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களின் பெயர்களும் மறந்துவிட்டன. பூசணிக்காய் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை! அன்று சட்டைப் பையில் பென்சில் இருந்தது. ரயில் டிக்கட்டின் பின்புறமாவது இருந்தது. எழுதிக்கொண்டிருக்கலாம்.

இப்போதும் சென்னைக்குப் போனால் திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் சாலையில், இன்றைய பாரதி சாலையில், நடைபாதைப் புத்தகக் கடைகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. மயிலாப்பூர் லஸ் பக்கமும் போவதுண்டு. நுழைவுத் தேர்வுப் புத்தகங்களே எங்கும் மலையாகக் குவிந்திருக்கின்றன. ஆயினும் குனிந்து தேடினால், அடியில் அணா விலை போட்ட ஒன்று அகப்படத்தான் செய்கிறது. சென்ற முறை ஓர் இளைஞரிடம், "கையால் எழுதிய பழைய நோட்டுகள் ஏதாவது வருகின்றனவா?" என்று கேட்டேன்.

"கையெழுத்து நோட்டா? அதை யார் சார் வாங்குவாங்க? அப்படியே எடைக்குப் போட்டுடுவோம்" என்றார்.

இனிமேல் போட வேண்டாம், என்ன விலையானாலும் எனக்கு ஒரு கார்டு எழுதும்படி சொல்லி, விலாசத்தைத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கார்டெல்லாம் எதுக்கு சார், போன் நம்பர் சொல்லுங்க" என்று தம் கைப்பேசியை எடுத்தார்.